ஓர் இரவுப் பாசறைக்குத் திட்டமிடுவது எப்படி?



கோடை விடுமுறை பிறந்ததும் நம் சாரணச் சிறுவர்கள் கேட்கும் முதற்கேள்வி, "பாசறை எப்போது?" என்பதே. கேட்பது அவர்கள் வேலை. நடத்துவது பெரியோர் பொறுப்பு. ஒரு தாய் தன் ஒன்பது வயது மகனை ஓர் இரவு முழுவதும் நம் கையில் ஒப்படைக்கிறாள் என்றால், அது லேசான காரியம் அல்ல. ஆகையால் என்ன விளையாட்டு, என்ன பாட்டு என்று யோசிக்குமுன், பிள்ளை எப்படி வீடு திரும்ப வேண்டும் என்று யோசிப்போம். அவன் அச்சமின்றித் தூங்கி எழுந்திருக்க வேண்டும். தன் கையால் ஒரு வேலையாவது செய்து முடித்திருக்க வேண்டும். தன் தெருவைச் சேராத ஒருவனையாவது சிநேகிதனாக்கிக்கொண்டிருக்க வேண்டும். இம்மூன்றுக்கும் உதவாத நிகழ்ச்சி எவ்வளவு கவர்ச்சியாயிருந்தாலும் நமக்கு வேண்டாம்.

முதற் பாசறை கற்பிக்கும் பாடம்

1907-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் ஏறக்குறைய இருபது சிறுவரைக் கூட்டி ஒரு பாசறை நடத்தினார். சாரணர் இயக்கத்துக்கு அதுவே வித்து. அங்கே செல்வர் பள்ளிகளில் படித்தவரும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் கலந்தே வந்தனர். அவர்களை நான்கு அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் ஒரு சிறுவனையே தலைவனாக்கினார். நண்பகலில் யாவரும் பேச்சின்றிப் படுத்து ஓய்வெடுக்க வேண்டும் என்பது அங்கே கண்டிப்பான விதி.

குளிர் நாட்டிலேயே நண்பகல் ஓய்வு கட்டாயம் என்றால், கத்திரி வெயில் காயும் நம் வல்லம், செஞ்சி, திண்டிவனம் பக்கத்தில் என்ன செய்ய வேண்டும்? சிறுவர் பாசறையை மாலை 4 மணிக்குத் தொடங்கி, மறுநாள் காலை 9.30-க்கு முடித்துவிடுவதே நலம். உச்சி வெயில் முழுவதும் தப்பிவிடும். வெள்ளி மாலை கூடிச் சனி காலை கலைந்தால் ஞாயிறு பூசைக்கும் இடையூறில்லை.

மாலை: அணியும் வேலையும்

பிள்ளைகள் வந்தவுடன் ஆறு பேர், எட்டுப் பேர் கொண்ட அணிகளாகப் பிரியுங்கள். அவரவர் இஷ்டத்துக்கு விட்டால் ஒரே தெருப் பிள்ளைகள் ஒன்றாக ஒட்டிக்கொள்வார்கள். ஊர்ப் பிள்ளைகள் ஒரு பக்கமும் காலனிப் பிள்ளைகள் ஒரு பக்கமும் நிற்பார்கள். அதற்கு இடம் தரலாகாது. சீட்டுக் குலுக்கிப் பிரியுங்கள். ஓர் அணி ஒரே பந்தியில் உட்காரட்டும். ஒரே குடத்துத் தண்ணீரைக் குடிக்கட்டும். தண்ணீர் சுமத்தல், வெங்காயம் உரித்தல், பாத்திரம் கழுவுதல், பெருக்குதல் ஆகிய வேலைகள் முறை வைத்து எல்லா அணிகளுக்கும் சுற்றி வரட்டும். இன்னார்தான் பெருக்க வேண்டும் என்ற எண்ணம் பிள்ளை மனத்தில் இருந்தால், அதைப் போக்கப் பிரசங்கம் போதாது. பொறுப்பாளரே முதலில் துடைப்பத்தை எடுக்கட்டும்.

வெயில் தணிந்தபின் முடிச்சுப் பழகலாம். இரண்டு கயிறுகளை இணைக்கும் முடிச்சு, கம்பத்தில் கட்டும் முடிச்சு, நழுவாத கண்ணி ஆகிய மூன்றும் ஒரு மாலைக்குப் போதும். கற்ற முடிச்சாலேயே துணி காயக் கொடி கட்டச் சொல்லுங்கள்; அப்போதுதான் மறக்காது. பின் ஒரு நினைவாற்றல் விளையாட்டு. மல்லாட்டை, புளியங்கொட்டை, சாவி, பொத்தான் என 24 பொருள்களைத் துணியால் மூடி வைத்து, ஒரு நிமிடம் மட்டும் திறந்து காட்டி, பிறகு நினைவிலிருந்து எழுதச் செய்யுங்கள். குருளையர் எனப்படும் சிறியவர்களுக்குப் பன்னிரண்டு பொருள் போதும்.

இரவு: தீயும் விண்மீனும்

அடுப்பும் எண்ணெயும் பெரியோர் பொறுப்பில் இருக்கட்டும். உணவு எளிதாயிருக்கட்டும்: உப்புமா, மோர், அவித்த மல்லாட்டை, கிடைத்தால் நுங்கு.

பாசறைத் தீ முக்கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். அணிக்கொரு பாட்டு, ஒரு சிறு நாடகம், ஒரு கதை. பேய்க் கதை கூடவே கூடாது. கதைக்கு நமக்குப் பஞ்சமா? 1677-ல் சிவாஜி கைப்பற்றிய செஞ்சிக் கோட்டையில் அவர் மகன் ராஜாராம் வந்து தங்கியதையும், மொகலாயப் படை எட்டு ஆண்டு முற்றுகையிட்டு 1698-ல் கோட்டையைப் பிடித்ததையும் சொல்லுங்கள். அக்கோட்டை 2025-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்ததையும் சொல்லுங்கள். மலையேற்றத்தை மட்டும் இப்பாசறையோடு சேர்க்காமல், மார்கழி, தை மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தீ அணைந்ததும் வானத்தைக் காட்டுங்கள். மே மாதம் இரவு 9 மணி வாக்கில் வடக்கே சப்தரிஷி மண்டலம் உயர நிற்கும். அதன் முன்னிரண்டு மீன்களை இணைத்துக் கீழே கோடு நீட்டினால் துருவ நட்சத்திரம் கிடைக்கும். நம் ஊரில் அது தொடுவானுக்கு மேல் சுமார் 12 பாகையில்தான் தெரியும். கையை நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால் ஏறக்குறைய 10 பாகை. அதே நேரத்தில் திரும்பித் தெற்கே பார்த்தால் திரிசங்கு என்னும் சிலுவை வடிவ மண்டலம் நிற்கும். இங்கிலாந்தில் இதைக் காண முடியாது. வடக்கும் தெற்கும் அறிந்த பிள்ளைக்கு இருட்டு பாதி பயம் போய்விடும்.

இரவு ஜெபம் முடிந்து 9.30-க்கு உறக்கம். இனித்தான் பொறுப்பாளரின் உண்மையான வேலை தொடங்குகிறது. எந்த ஒரு சிறுவனுடனும் ஒரு பெரியவர் தனித்திருக்கலாகாது. எப்போதும் இருவர் இருக்க வேண்டும். அவர்கள் முறை வைத்து விழித்திருக்கட்டும். நள்ளிரவில் ஒரு பிள்ளை அம்மாவை நினைத்து விசும்பினால், "ஆண்பிள்ளை அழலாமா?" என்று அதட்டாதீர்கள். அருகில் உட்கார்ந்து, தண்ணீர் கொடுத்து, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பாயை நனைத்துவிட்டால் பிறர் அறியாமல் மாற்றிக் கொடுங்கள். அன்று அவன் பட்ட அவமானத்தையோ, அடைந்த ஆறுதலையோ ஆயுள் முழுதும் மறக்க மாட்டான்.

தவறாமல் கவனிக்க வேண்டியவை

பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். பிள்ளைக்குள்ள நோய், மருந்து விவரமும் கேட்டு வாங்குங்கள். கிணற்றிலோ கல்குவாரிக் குட்டையிலோ ஒருவரும் இறங்கலாகாது. நீச்சல் தெரிந்தவனுக்கும் இதுவே விதி. இரவில் டார்ச் விளக்கின்றி நடக்கக் கூடாது. பாய், போர்வை, செருப்பை உதறியே உபயோகிக்க வேண்டும். பாம்பு கடித்தால் கீறவோ, உறிஞ்சவோ, இறுக்கிக் கட்டவோ வேண்டாம். அசையாமல் படுக்க வைத்து, 108-ஐ அழைத்து, உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

காலை

5.30-க்கு எழுந்து ஜெபம், தேகப் பயிற்சி. பின் வரப்போரம் ஒரு மணி நேர நடை: மண்ணில் பதிந்த தடம் யாருடையது, எத்திசை போயிற்று என்று அணிகள் கண்டுபிடிக்கட்டும். காலை உணவுக்குப் பின் இடத்தை வந்தபோது இருந்ததைவிடச் சுத்தமாக்கி, இடம் தந்தவருக்கு நன்றி சொல்லிக் கலையுங்கள்.

பொறுப்பாளர் கூட்டத்தில் ஆலோசிக்க

1. நம் படையில் மிகச் சிறியவன் யார்? அவனுக்கு இத்திட்டம் பொருந்துமா?
2. சம்பளமின்றி நாம் செய்யத் தயங்கும் வேலை எதையாவது பிள்ளைகள் மேல் சுமத்துகிறோமா?
3. வீட்டுக்குப் போனபின்னும் அந்த அணி ஒரே பந்தியில் உட்காருமா? அதற்கு நாம் என்ன செய்யப் போகிறோம்?