மாடுகளின் கண் வியாதியும் களிம்பும்

ஈக்கள் மிகும் காலத்தில் மாட்டின் கண்ணில் நீர் வடிந்து, வெளிச்சங் கூசி, பின்னர்க் கருவிழியில் வெண்மை படர்வதைக் குடியானவர்கள் கண்டிருப்பார்கள். மொராக்ஸெல்லா போவிஸ் என்னுங் கிருமியே பெரும்பாலும் இதற்குக் காரணம். ஈக்களே அதைப் பரப்புகின்றன. ஆதலின் நோயுற்ற மாட்டைப் பிரித்து நிழலிற் கட்டுக. புகையிலைச் சாற்றை உமிழ்வது கண்ணை மேலும் புண்படுத்தும்.

ஆக்ஸிடெட்ராசைக்கிளின் இக்கிருமியை அடக்கும். ஆனால் வீட்டில் மீந்து கிடக்கும் எந்தக் கண் களிம்பையும் எடுத்து இடலாகாது. சிலவற்றில் ஸ்டீராய்டு என்னுஞ் சரக்குச் சேர்ந்திருக்கும். அது சிவப்பையும் வீக்கத்தையும் விரைவில் தணிப்பதால் குணமானதுபோலத் தோன்றும். கருவிழியிற் புண் இருக்குமாயினோ, அது ஆறாமல் ஆழ்ந்து, கண்ணே கெட்டுப்போதலுங் கூடும். கால்நடை வைத்தியர் முதலில் ஃப்ளூரெசின் சாயத்தை விட்டுப் பார்ப்பது இதற்காகவே. புண்ணுள்ள இடம் பச்சையாகத் தெரியும். கறவை மாடாயின், பாலை எத்தனை நாள் விலக்கவேண்டுமென்பதையும் அவரிடமே கேட்டறிக.