திருப்பினால் முனகும் மகிழுந்து

எங்கள் வீட்டு மகிழுந்துக்கு என்னைவிட வயது அதிகம். தாப்பாவில் சிறிய காய்கறிக் கடை வைத்திருக்கும் அப்பா, வாரம் இரண்டு முறை அதில்தான் கேமரன் மலைக்குச் சென்று சரக்கு ஏற்றி வருவார். தானா ராத்தா வரை ஏறத்தாழ 60 கிலோமீட்டர். வழியெங்கும் வளைவுக்கு மேல் வளைவு. இடையே லாத்தா இஸ்கண்டார் அருவியில் சற்று நிறுத்தி இளைப்பாறலாம்.

சென்ற பள்ளி விடுமுறையின்போது அந்த மகிழுந்து முனகத் தொடங்கியது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் ‘ஊஊம்’ என்ற சத்தம். அதைக் கேட்ட பக்கத்துக் கடைக்காரர், “பவர் ஸ்டியரிங் பம்ப் போய்விட்டது. உடனே மாற்றிவிடுங்கள்” என்றார். பம்பின் விலையை விசாரித்த அப்பா அதன்பின் எதுவும் பேசவில்லை. அது எங்கள் கடையின் ஒரு வார வருமானத்தைவிட அதிகம்.

மறுநாள் பீடோரிலிருந்து பெரிய மாமா வந்தார். அவர் ஈப்போவில் பல ஆண்டுகள் வாகனங்களைப் பழுதுபார்த்தவர். வந்தவர் பானெட்டைத் திறக்கவில்லை, கேள்விகளைத்தான் கேட்டார்.

“மாப்பிள்ளை, காலையில் முதன்முதலாகத் திருப்பும்போது மட்டும் கீச்சென்று கத்துகிறதா?”

“இல்லை மச்சான். எப்போது திருப்பினாலும் முனகுகிறது. எண்ணெயை மிதித்தால் சத்தம் கூடுகிறது.”

“மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது ‘டக் டக்’ என்று ஏதாவது?”

“அதுவும் இல்லை.”

மாமா என் பக்கம் திரும்பினார். “கீச்சொலி என்றால் பெரும்பாலும் தளர்ந்த பெல்ட். பள்ளத்தில் ‘டக் டக்’ என்றால் சக்கரத்தோடு இணையும் மூட்டுகளைப் பார்க்க வேண்டும். ஸ்டியரிங்கைக் கடைசி வரை திருப்பிப் பிடித்தால் ‘உஸ்’ என்று கேட்பது பழுதே அன்று. அழுத்தம் எல்லை மீறாமல் ஒரு வால்வு திறக்கும் ஓசை அது. ஆனால், அப்படிச் சில விநாடிகளுக்கு மேல் பிடித்திருக்கக் கூடாது, எண்ணெய் சூடாகிவிடும். இயந்திர வேகத்தோடு கூடும் முனகலுக்கு, முதலில் எண்ணெயைத்தான் பார்க்க வேண்டும்.”

மகிழுந்து சமதரையில் நின்றது. மாமா இயந்திரத்தை நிறுத்திவிட்டு எண்ணெய்க் கலனின் மூடியைத் திறந்தார். எண்ணெய் கீழ்க்கோட்டிற்கும் கீழே இருந்தது. அதன் மேல், ஆற்றிய தேநீரைப் போல் நுரை.

“நிரப்பினால் போதுமா?” என்று கேட்டேன்.

“பெட்ரோல் எரிந்து தீரும். இந்த எண்ணெய் பம்புக்கும் ஸ்டியரிங்குக்கும் இடையே சுற்றிச் சுற்றி வருவது. குறைந்தால், எங்கோ ஒழுகுகிறது என்று பொருள். நுரை இருந்தால், எங்கோ காற்று நுழைகிறது. இரண்டும் ஒரே ஓட்டையாகவும் இருக்கலாம்.”

அப்படித்தான் இருந்தது. கலனிலிருந்து பம்புக்குச் செல்லும் குழாயின் முனை இறுகி வெடித்திருந்தது. பம்ப் உறிஞ்சும்போது அந்த வெடிப்பின் வழியாகக் காற்று உள்ளே போனது. வண்டி நின்ற பிறகு எண்ணெய் சொட்டியது. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிய தாத்தா குழாயைத் தடவிப் பார்த்து, “நம் ரப்பரா இப்படி வெடித்தது?” என்றார். மாமா சிரித்தார். மரத்துப் பாலில் செய்த ரப்பர் இத்தகைய எண்ணெயில் ஊறினால் உப்பிவிடுமாம். அதனால், இந்தக் குழாய்களைச் செயற்கை ரப்பரில் செய்கிறார்கள். அதுவும் ஆண்டுக்கணக்கில் வெப்பம் பட்டால் இறுகிவிடும்.

அப்பா அன்று மாலையே மலைக்குப் புறப்பட நினைத்திருந்தார். மாமா விடவில்லை. எண்ணெய் தீர்ந்தாலும் சக்கரம் திரும்பும். ஆனால், மிகவும் கனமாகிவிடும். கொண்டை ஊசி வளைவில் அந்தக் கனத்தைத் திடீரென்று சமாளிப்பது கடினம்.

புதிய குழாயும் கிளிப்பும் வாங்கி மாட்டினார்கள். வாகனக் கையேட்டில் குறிப்பிட்ட எண்ணெயையே ஊற்றினார்கள். பிறகு, முன்சக்கரங்களைத் தூக்கித் தாங்கிகளில் நிறுத்தி, இயந்திரத்தை இயக்காமலேயே ஸ்டியரிங்கை இரு பக்கமும் மெதுவாகப் பலமுறை திருப்பினார் அப்பா. கலனில் குமிழிகள் வந்து வந்து அடங்கின. எண்ணெய் இறங்க இறங்க, ஊற்றுவது என் வேலை.

முனகல் பெரும்பாலும் நின்றுவிட்டது. குளிர்ந்த காலையில் மட்டும் இலேசாகக் கேட்கிறது. காற்றோடு ஓடிய நாள்களில் பம்பும் கொஞ்சம் தேய்ந்திருக்கும் என்று மாமா சொன்னார். மலைக்குப் புறப்படும் நாளில் கலனைத் திறந்து கோட்டைப் பார்ப்பது இப்போது என் பொறுப்பு.