பிள்ளைகளின் சம்மதமும் மருத்துவ ஆய்வும்



ஒரு வெள்ளிக்கிழமை பூசை முடிந்து மண்டபத்தில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்த வேளையில், ஒரு தாய் எம்மிடம் தம் வீட்டுக் கவலையைச் சொன்னார். அவரின் கணவருக்கு 44 வயதில் மாரடைப்பு வந்து பைபாஸ் சத்திரசிகிச்சை நடந்திருக்கிறது. கணவரின் தகப்பனாரும் ஊரில் ஐம்பது வயதுக்கு முன்பே நெஞ்சுவலியால் காலமானவர். இப்போது ஓர் ஆய்வுக் குழு, அப்பம்மா, அப்பா, பிள்ளைகள் என்று மூன்று தலைமுறையினரிடமும் இரத்தமும் உமிழ்நீரும் கேட்டிருக்கிறது. மூத்த மகன் சரி என்றான். 15 வயது மகள் "நான் வரமாட்டன்" என்றாள். "அப்பாவுக்காக இதைக்கூடச் செய்யமாட்டியா?" என்று தகப்பன் கோபிக்க, பிள்ளை அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"இவளை எப்படிச் சம்மதிக்க வைக்கிறது?" என்பதே அத்தாயின் கேள்வி. இது ஒரு வீட்டுக் கேள்வி மட்டுமல்ல என்பதால் இம்முறை இதனையே எமது பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

1. ஆய்வு ஏன் எம்மைத் தேடி வருகிறது?

தெற்காசியருக்கு இருதய நோயும் நீரிழிவும் ஏனையோரிலும் இளவயதிலேயே வருகின்றன. இதன் காரணத்தை அறிய 1988 இற்கும் 1991 இற்கும் இடையில் மேற்கு இலண்டனின் சவுத்தோல், பிரென்ட் பகுதிகளில் 40 முதல் 69 வயது வரையான கிட்டத்தட்ட 5,000 பேர் பரிசோதிக்கப்பட்டார்கள். இடுப்பைச் சுற்றிச் சேரும் கொழுப்பும், உடல் இன்சுலினுக்குச் சரியாக இசையாமையும் எம்மவரின் நோய்களுடன் தொடர்புடையவை என்பதை அது தெளிவாகக் காட்டியது. ஆசிய வம்சத்தவருக்கு உடல் நிறைச் சுட்டெண் 23 இலிருந்தே அவதானம் வேண்டும் என்று 2013 இல் இந்நாட்டில் வழிகாட்டல் வந்ததும் இத்தகைய ஆய்வுகளின் பயனே. 2002 - 2003 காலத்தில் இலண்டனின் 51 இடைநிலைப் பாடசாலைகளில் 11 முதல் 13 வயது வரையான 6,600 இற்கு மேற்பட்ட மாணவர்களிடம் இரத்த அழுத்தம், உயரம், நிறை முதலியன அளக்கப்பட்டன. ஆகவே பிள்ளைகளும் பங்குபற்றுவதால் நன்மை உண்டு. நாம் ஆய்வுக்கு எதிராக எழுதவில்லை.

2. இரண்டு பரிசோதனைகள்

பல வீடுகளில் குழப்பம் தொடங்கும் இடம் இது. பிள்ளையின் சொந்தச் சுகத்துக்காகச் செய்யும் பரிசோதனை வேறு. ஆய்வுக்காகச் செய்யும் பரிசோதனை வேறு. இரண்டிலும் ஊசி ஒன்றுதான், நோக்கம் வேறு.

பரம்பரையாக வரும் அதிக கொலஸ்திரோல் நோயை எடுத்துக்கொள்வோம். இந்நாட்டில் ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கு இது உண்டு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்கு இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. சிறு வயதிலேயே கண்டுபிடித்தால் உணவாலும் மருந்தாலும் மாரடைப்பைத் தள்ளிப்போடலாம். அதனால்தான் அத்தகைய பெற்றோரின் பிள்ளைகளைப் பத்து வயதுக்குள் பரிசோதிக்கும்படி 2008 இலேயே தேசிய வழிகாட்டல் கூறியது. இது பிள்ளைக்கு உரிய வைத்தியம்.

ஆய்வோ நாளைய நோயாளருக்காகச் செய்யப்படுவது. பெரும்பாலும் அதில் தரும் இரத்தத்தால் தந்தவருக்கு நேரடிப் பயன் இராது. தராவிட்டால் அவருடைய வைத்தியத்தில் எந்தக் குறையும் வராது. "அப்பாவுக்காக" என்று அத்தகப்பனார் சொன்னது பாசத்தில் சொன்னதே. ஆனால் மகள் ஆய்வுக்கு இரத்தம் கொடுப்பதால் அவருடைய இருதயம் குணமாகப் போவதில்லை.

3. இந்நாட்டின் சட்டமும் வழிமுறையும்

இங்கிலாந்தில் 16 வயது நிரம்பியவர் தமது சிகிச்சைக்குத் தாமே சம்மதம் தரலாம் என்பது 1969 ஆம் ஆண்டுச் சட்டம். 16 வயதுக்குட்பட்டவரும் விடயத்தைப் போதிய அளவு விளங்கிக்கொள்ளக்கூடியவராயின் தாமே சம்மதிக்கலாம் என்று 1985 இல் கில்லிக் வழக்கில் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. உயிர்காக்கும் சிகிச்சையை 18 வயதுக்குட்பட்டவர் மறுத்தால் நீதிமன்றம் தலையிட முடியும். இவை சிகிச்சை பற்றியவை.

ஆய்வில் சிறியவர்களின் மறுப்புக்கு இன்னும் கூடிய இடம் உண்டு. 16 வயதுக்குட்பட்டவரை ஆய்வில் சேர்க்க வழமையாகப் பெற்றோரின் கையொப்பம் கேட்பார்கள். ஆனால் அந்தக் கையொப்பம் மட்டும் போதாது. பெற்றோர் சம்மதித்தாலும், பிள்ளை சொல்லாலோ செயலாலோ மறுப்புக் காட்டினால் அப்பிள்ளையை வழமையாக ஆய்வில் சேர்க்கக்கூடாது என்று பொது மருத்துவ சபை 2007 இல் வைத்தியர்களுக்கு அறிவுறுத்தியது. முதலில் ஆம் என்றவரும் பின்னர் காரணம் கூறாமல் விலகலாம்.

ஆகவே, பிள்ளையை இழுத்துச் சென்று இருத்தினாலும், கடமை உணர்ந்த தாதி ஊசியைக் கீழே வைத்துவிடுவார்.

4. கேட்காமல் செய்தபோது நடந்தவை

இந்த விதிகள் ஏன் வந்தன என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்ல வேண்டும். 1969 இல் கொவென்ட்ரி நகரில், இரும்புச்சத்துக் குறைபாடு பற்றிய ஆய்வுக்காக, இந்திய வம்சத்துப் பெண்கள் 21 பேருக்குக் கதிரியக்க இரும்பு கலந்த சப்பாத்தி கொடுக்கப்பட்டது. அப்பெண்களிற் பலருக்கு ஆங்கிலம் சரிவரத் தெரியாது. என்ன சாப்பிடுகிறோம் என்பது அவர்களுக்கு உண்மையில் விளங்கியதா என்ற கேள்வி 1995 இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியால் வெளியே வந்தது. 2023 இல் மீண்டும் எழுந்தது.

லிவர்பூலின் ஆல்டர் ஹே சிறுவர் வைத்தியசாலையில் இறந்த குழந்தைகளின் உறுப்புகளைப் பெற்றோருக்குத் தெரியாமல் எடுத்து வைத்திருந்தமை 2001 இல் வெளிவந்த விசாரணை அறிக்கையால் உறுதியானது. "எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே" என்பதே அப்பெற்றோரின் துயரம். அதன் பின்னரே 2004 ஆம் ஆண்டின் மனித இழையச் சட்டம் வந்தது.

அன்று பெற்றோர் எதிர்பார்த்த அதே மரியாதையைத்தான் இன்று எங்கள் பிள்ளைகள் எங்களிடம் எதிர்பார்க்கிறார்கள். எமக்குத் தானம் என்றால் என்னவென்று தெரியும். தன்னுடையதைத் தானாகக் கொடுப்பதே தானம்; மற்றவருடையதை எடுத்துக் கொடுத்தால் அதற்குப் பெயர் வேறு. ஆய்வுக்குக் கொடுக்கும் இரத்தமும் தானமே. பிள்ளையின் உடம்பு பிள்ளையினுடையது.

5. பிள்ளை ஏன் மறுக்கிறது?

ஊசிக்குப் பயம் என்று நாம் நினைத்துவிடுகிறோம். சில வேளைகளில் அதுவும் உண்மைதான். ஆனால் அந்தத் தாய் இரண்டு கிழமை கழித்து, கோபமில்லாத ஒரு நேரத்தில், "ஏன் பிள்ளை?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்திருக்கிறார். மகள் சொன்னது இது: ஆரம்பப் பாடசாலையின் கடைசி ஆண்டில் நிறை அளந்து வீட்டுக்குக் கடிதம் வந்தபோது, அதை ஓர் உறவினர் வாசித்துவிட்டார். அடுத்த கிழமை எமது மண்டபத்திலேயே இருவர் அவளிடம், "கொஞ்சம் மெலிய வேணும் பிள்ளை" என்று சொல்லியிருக்கிறார்கள். "உங்களுக்கு ஒண்டு தெரிஞ்சா மாமிக்குத் தெரியும். மாமிக்குத் தெரிஞ்சா கோயிலுக்கே தெரியும்" என்றாளாம் அப்பிள்ளை.

இதைக் கேட்டபோது எமக்கும் வெட்கமாக இருந்தது. ஆய்வாளர்கள் பெயரை நீக்கி, இலக்கமிட்டுத் தகவலைப் பாதுகாக்கிறார்கள். நாமோ சாப்பாட்டு வரிசையில் நின்று பிள்ளைகளின் நிறையைப் பற்றிக் கதைக்கிறோம்.

வேறு காரணங்களும் உண்டு. தனக்கு என்ன நோய் வரும் என்று இப்போதே அறிய விரும்பாத பிள்ளை உண்டு. வளர்ந்த பின்னரே வரும், இன்று தடுக்க வழியில்லாத ஹண்டிங்டன் போன்ற பரம்பரை நோய்களுக்குப் பிள்ளைகளைப் பரிசோதிக்காமல், அவர்கள் வளர்ந்து தாமே முடிவெடுக்கட்டும் என்று மரபணு வைத்தியர்களும் காத்திருக்கிறார்கள். காப்புறுதி எடுக்க முடியாமற் போகுமோ என்று அஞ்சும் பிள்ளைக்கு ஒரு பதில் உண்டு: அரசும் காப்புறுதித் துறையும் 2018 இல் ஏற்ற ஒழுக்கக்கோவையின்படி, ஆய்வின்போது மட்டும் பெறப்பட்ட முன்கணிப்பு மரபணு முடிவை நிறுவனங்கள் கேட்கக்கூடாது.

6. வீட்டில் நாம் செய்யக்கூடியவை

முதலாவது, படிவம் வந்ததும் கையொப்பமிடாமல் பிள்ளையுடன் சேர்ந்து வாசியுங்கள். அதிலுள்ள ஆங்கிலம் எம்மைவிட அவர்களுக்கே நன்றாக விளங்கும்.

இரண்டாவது, ஆய்வாளரைப் பிள்ளை தனியாகச் சந்தித்துக் கேள்வி கேட்க இடம் கொடுங்கள். முடிவு யாருக்குத் தெரிவிக்கப்படும், மாதிரிகள் எவ்வளவு காலம் வைக்கப்படும் என்று கேட்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, பிள்ளை மறுத்தால் பெரியவர்கள் தம் பங்கைச் செய்யலாமா என்று ஆய்வுக் குழுவிடம் கேளுங்கள். ஒருவர் விலகுவதால் மற்றவரின் தானம் வீணாக வேண்டியதில்லை.

நான்காவது, ஆய்வை மறுத்த பிள்ளையின் சொந்தச் சுகத்தை மறந்துவிடாதீர்கள். குடும்பத்தில் இளவயது மாரடைப்பு இருந்தால் அதைக் குடும்ப வைத்தியரிடம் சொல்லி, பிள்ளைக்கு என்ன பரிசோதனை தேவை என்று கேளுங்கள்.

ஐந்தாவது, இன்று இல்லை என்பது என்றும் இல்லை என்பதாகாது. பிரிஸ்டல் பகுதியில் 1991 இல் தொடங்கிய ஆய்வில் 14,000 இற்கு மேற்பட்ட கர்ப்பங்கள் பதிவாகின. அக்குழந்தைகள் பதின்ம வயதை அடைந்தபோது, ஆய்வை எப்படி நடத்த வேண்டும் என்று ஆலோசனை சொல்ல அவர்களிலிருந்தே ஒரு குழு அமைக்கப்பட்டது. இன்றும் அந்த ஆய்வு தொடர்கிறது.

அந்த வீட்டில் பின்னர் நடந்ததையும் சொல்லி முடிக்கிறோம். அப்பம்மாவும் தகப்பனும் மகனும் ஆய்வுக்கு இரத்தம் கொடுத்தார்கள். மகள் கொடுக்கவில்லை. ஆனால் குடும்ப வைத்தியரிடம் தாயுடன் போய்த் தன் கொலஸ்திரோலைப் பரிசோதித்துக்கொண்டாள். முடிவு என்னவென்று நாம் கேட்கவில்லை, தாயும் சொல்லவில்லை. அதுவே சரி.

வீட்டில் கலந்துரையாட மூன்று கேள்விகள்:

அ. எமது குடும்பத்தில் எந்த நோய்கள் தலைமுறையாக வந்துள்ளன? பிள்ளைகளுக்கு அவற்றைச் சொல்லியிருக்கிறோமா?

ஆ. பிள்ளை எம்மிடம் நம்பிச் சொன்ன ஒன்றை நாம் வெளியே சொன்னதுண்டா?

இ. "மாட்டேன்" என்று பிள்ளை சொன்னபோது, நாம் கடைசியாக எப்போது "ஏன்" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குப் பொறுத்திருந்தோம்?