காப்பகத்தில் நம் குழந்தை யார் கையில்?

கேள்வி: என் பெண் குழந்தைக்கு இப்போது பத்து மாதம். இதுவரை என் மாமியார் பார்த்துக்கொண்டார். மூட்டுவலி காரணமாக அவர் ஊருக்குத் திரும்புகிறார். நானும் என் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். மூன்று காப்பகங்களைப் பார்த்து வைத்திருக்கிறேன். முதலாவது ஏசியும் கேமராவும் உள்ள பெரிய ஸ்தாபனம், கட்டணம் அதிகம். இரண்டாவது, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தம் வீட்டிலேயே நடத்துவது. மூன்றாவது என் அலுவலகத்துக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பது. எதை வைத்துத் தீர்மானிப்பது?
— ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: சகோதரி, மூன்று இடங்களின் வசதியையும் கட்டணத்தையும் தூரத்தையும் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் காலையில் வாசலில் நின்று குழந்தையைத் தங்களிடமிருந்து கை நீட்டி வாங்கிக்கொள்ளப் போகிற ஆயா யார், அவர் அங்கே எத்தனை காலமாக இருக்கிறார், அவர் பொறுப்பில் வேறு எத்தனை குழந்தைகள் என்பதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரியும் காணோம். பேச்சு வராத, நடை பழகாத, பசியையும் வலியையும் அழுகை ஒன்றினாலேயே தெரிவிக்கவல்ல ஒரு சிசுவுக்கு, அந்த அழுகையின் பேதங்களை அறிந்த ஒருவர் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதே பிரதானமான பாதுகாப்பு. மற்ற வசதிகள் யாவும் அவருடைய கவனத்துக்குத் துணைசெய்யும் அளவில்தான் மதிப்புப் பெறுகின்றன.

ஆகையால் முதலில் கேட்கவேண்டியது எண்ணிக்கை. இங்கிலாந்தில் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் மூவருக்கு ஒருவர் வீதம் பொறுப்பாளர் இருக்கவேண்டுமென்று சட்டமே விதித்திருக்கிறது. நம் ஊரில் எல்லா இடத்திலும் அந்தக் கணக்கை எதிர்பார்ப்பதற்கில்லை என்றாலும், இரண்டு கைகளை வைத்துக்கொண்டு ஒருவர் ஏழெட்டுக் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது நடவாத காரியம் என்பதை, ஒரு குழந்தையை ஒரு பகல் முழுவதும் பார்த்த தாய்க்கு யாரும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. நான்குக்கு மேற்பட்ட கைக்குழந்தைகளை ஒருவரிடம் விடும் இடத்தை நான் சிபாரிசு செய்யமாட்டேன். எண்ணும்போதும் ஜாக்கிரதை வேண்டும். ஏட்டில் நான்கு ஆயாக்கள் இருக்கலாம். ஆனால் பகல் பன்னிரண்டு மணிக்கு ஒருவர் அடுக்களையில் சோறு வடித்துக்கொண்டும், ஒருவர் பெரிய பிள்ளைகளை அழைத்துவரப் பள்ளிக்கூட வாசலில் காத்துக்கொண்டும், இன்னொருவர் லீவிலும் இருந்தால், எஞ்சிய ஒருவரே கணக்கில் சேர்வார். ஆயாக்கள் அடிக்கடி மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில், குழந்தை ஒரு முகத்தோடு பழகி முடிவதற்குள் அந்த முகம் மறைந்துவிடுகிறது. அதுவும் ஒரு குறைதான், அற்பமான குறையன்று.

அடுத்ததாக, முன்னறிவிப்புடன் காலை பத்து மணிக்குப் போய்ப் பார்ப்பதோடு திருப்தியடையாமல், சாப்பாட்டு வேளையிலும் அதற்குப் பின்வரும் தூக்க வேளையிலும் ஒரு முறை போய் உட்காருங்கள். ஒரு குழந்தைக்குத் துணி மாற்றும் காட்சியை மட்டும் நிதானமாகக் கவனித்தாலே அந்த இடத்தின் சுபாவம் விளங்கிவிடும்: ஆயா குழந்தையின் முகத்தைப் பார்த்து ஏதேனும் பேசிக்கொண்டே மாற்றுகிறாரா, மூட்டையைப் புரட்டுவதுபோலப் புரட்டுகிறாரா, முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறாரா, முந்தானையில் துடைத்துக்கொண்டு அடுத்த குழந்தைக்கு ஊட்டப் போகிறாரா. காப்பகங்களில் வயிற்றுப்போக்கு ஒரு குழந்தையிடமிருந்து பல குழந்தைகளுக்குப் பரவுவதற்கு அந்தக் கழுவாத கை ஒன்றே போதும். உறங்கவைக்கும்போது ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையைக் கெட்டியான சமதளப் படுக்கையில், தலையணையும் கனத்த போர்வையும் இல்லாமல், மல்லாக்கப் படுக்கவைக்கவேண்டும் என்பது வைத்தியர்களின் உறுதியான அபிப்பிராயம். தூளியில் போட்டு ஆட்டிவிட்டு ஆயா வேறு அறைக்குப் போய்விடும் வழக்கம் இருந்தால் சம்மதிக்காதீர்கள். முற்பகலிலேயே எல்லாக் குழந்தைகளும் அசந்து தூங்கும் காப்பகத்தைக் கண்டு, நல்ல ஒழுங்கு என்று மகிழாமல், என்ன கொடுத்துத் தூங்கவைக்கிறார்கள் என்று விசாரியுங்கள். பெற்றோரின் எழுத்துமூலமான அனுமதியின்றி ஒரு சொட்டு மருந்தும் கொடுப்பதில்லை என்பது அங்கே நிபந்தனையாக இருக்கவேண்டும்.

கட்டடத்தைப் பொறுத்தவரை, 2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் தேதி கும்பகோணத்தில், ஒரு பள்ளிக்கூடத்தின் சமையலிடத்தில் பிடித்த தீ கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைப் பலிகொண்டதை நம் தலைமுறை மறக்கலாகாது. அடுப்பு எங்கே இருக்கிறது, குழந்தைகள் இருக்கும் அறைக்கு இரண்டாவது வழி உண்டா, அந்தக் கதவு பூட்டாமல் இருக்கிறதா, தரைத்தளமா மாடியா, மாடியானால் அத்தனை கைக்குழந்தைகளையும் எத்தனை பேர் எத்தனை நடையில் கீழே இறக்கமுடியும் என்று கேட்பதற்குக் கூசாதீர்கள். குளியலறையில் நிரம்பி நிற்கும் ஒரு வாளித் தண்ணீர், தவழும் குழந்தைக்குக் கிணற்றுக்குச் சமமான அபாயம்; தண்ணீர்த் தொட்டியின் மூடி, கைக்கெட்டும் பிளக் பாயின்ட், தெருவுக்குத் திறந்த கேட் ஆகியவையும் அவ்விதமே. முழு வேர்க்கடலையும் முழுத் திராட்சையும் தொண்டையில் சிக்கக்கூடியவை என்பதை அறிந்து அவற்றை ஒதுக்குகிறார்களா என்பதையும், சேர்க்கும்போது தடுப்பூசி அட்டையைக் கேட்கிறார்களா என்பதையும் பாருங்கள். கேட்கிறவர்கள் தங்கள் குழந்தையை மட்டுமின்றி எல்லாக் குழந்தைகளையும் மனத்தில் வைத்திருப்பவர்கள்.

கேமரா இருப்பதில் தவறில்லை. ஆனால் பெற்றோர் எந்த நேரமும் சொல்லாமல் உள்ளே வரலாம் என்ற விதி கேமராவைவிடப் பெரிய காவல். "குழந்தைகள் கலைந்துவிடும், நாலு மணிக்குமேல் வாருங்கள்" என்று வாசலிலேயே நிறுத்துகிற காப்பகம், அது எத்தனை பெரிய ஸ்தாபனமானாலும், வேண்டாம். அங்கே வேலை செய்வோரைப் பற்றிப் போலீஸ் விசாரணைச் சான்று பெற்றிருக்கிறார்களா, தனியாக ஒருவர் மூடிய அறையில் குழந்தையோடு இருக்க நேராதவாறு ஏற்பாடு உண்டா, மாலையில் குழந்தையை யார் யாரிடம் ஒப்படைக்கலாம் என்று எழுதி வாங்குகிறார்களா என்பவையும் கேட்டறிய வேண்டியவை.

தங்கள் மூன்றில், இந்தப் பரீட்சைகளில் மூன்றாவது தேறுமானால் அதையே தேர்ந்தெடுங்கள். பத்து மாதக் குழந்தைக்குத் தாய்ப்பால் இன்னும் அவசியம். இரண்டு தெரு தள்ளி இருந்தால் மதியம் ஒரு முறை போய் ஊட்டிவிட்டு வரலாம், உடம்புக்கு ஏதேனும் என்றால் நிமிஷங்களில் போய்ச் சேரலாம். அதற்கு முன் அலுவலகத்திலேயே விசாரியுங்கள்: மகப்பேறு நலச் சட்டத்துக்கு 2017இல் செய்யப்பட்ட திருத்தம் கொண்டுவந்த விதியின்படி, 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் ஸ்தாபனம் காப்பக வசதி அளிக்கவேண்டும், இடைவேளையையும் சேர்த்து நாளொன்றுக்கு நான்கு முறை தாய் அங்கே போய்வர அனுமதிக்கவும் வேண்டும். கேட்டுப் பெறுவது உரிமை, சலுகையன்று. ஆசிரியையின் வீட்டை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு உடம்பு சரியில்லாத நாளில் யார் பார்ப்பார் என்ற ஒரு கேள்விக்கு அவர் சொல்லும் பதிலைப் பொறுத்து அதைத் தீர்மானியுங்கள்.

கேள்வி: எங்கள் மகனைக் காப்பகத்தில் விட ஆரம்பித்து ஒரு வாரம் ஆகிறது. விட்டுவிட்டு வரும்போது கதறுகிறான். அவன் பார்க்காத நேரத்தில் நழுவி வந்துவிடலாமா?
— ஒரு தந்தை, மதுரை

பதில்: நழுவி வராதீர்கள். எட்டு, ஒன்பது மாதத்திலிருந்து ஏறக்குறைய இரண்டு வயதுவரை, பழகிய முகம் கண்ணைவிட்டு மறைந்தால் அழுவது குழந்தையின் இயல்பான வளர்ச்சியைச் சேர்ந்தது. சொல்லாமல் மறைந்தால், எந்தக் கணத்தில் அப்பா காணாமற்போவாரோ என்ற பயம் நாள் முழுவதும் அதைப் பற்றிக்கொள்கிறது. முதல் சில நாட்கள் தாங்களோ தாயாரோ உடனிருந்து, பிறகு ஒரு மணி, அப்புறம் அரை நாள் என்று படிப்படியாக நேரத்தைக் கூட்டுங்கள். வீட்டில் அவன் கட்டிக்கொண்டு தூங்கும் பழைய துணி ஒன்றை உடன் அனுப்புங்கள். "அப்பா சாயங்காலம் வருகிறேன்" என்று சொல்லிவிட்டு, சொன்ன நேரத்துக்கு வந்துவிடுங்கள். தாங்கள் போன சிறிது நேரத்தில் அழுகை ஓய்ந்து விளையாடுகிறான் என்றால் கவலையில்லை. வாரங்கள் கடந்தும் சாப்பிட மறுப்பது, குறிப்பிட்ட ஒருவரைக் கண்டால் மட்டும் ஒடுங்குவது, காரணம் சொல்லப்படாத காயம் ஆகியவற்றைக் கண்டால் தாமதிக்காமல் அவனை அங்கிருந்து நிறுத்திவிட்டு வைத்தியரிடம் காட்டுங்கள். கொடுமை என்ற சந்தேகம் எழுந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள்.

கேள்வி: இரண்டரை வயதிலேயே எழுத்தும் எண்ணும் கற்றுக்கொடுக்கும் காப்பகம்தானே சிறந்தது?
— ஒரு வாசகர், திருச்சி

பதில்: அந்த வயதில் அதைக் கொண்டு தேர்ந்தெடுக்கவேண்டாம். 1907ஆம் ஆண்டில் ரோம் நகரத்தின் சான் லொரென்ஸோ பகுதியில், பெற்றோர் வேலைக்குப் போய்விட்டதால் குடியிருப்பில் தனித்துத் திரிந்த ஏழைக் குழந்தைகளுக்காகவே டாக்டர் மரியா மாண்டிசோரி தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து நம் ஆசிரியர்களுக்கும் பயிற்சி அளித்தார். அவர் முதலில் கொடுத்தது பாடப் புத்தகமன்று. குழந்தையின் உயரத்துக்கேற்ற நாற்காலியும், தானே கை கழுவவும் தானே தட்டை எடுத்துவைக்கவும் சுதந்திரமும், அதைப் பொறுமையோடு பார்த்திருக்கும் ஒரு பெரியவரும்தான். கதை சொல்லி, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லி, மண்ணிலும் தண்ணீரிலும் கண்காணிப்போடு விளையாடவிடும் காப்பகத்தில் குழந்தையின் பேச்சு தானாகவே வளரும். எழுத்துக்குப் பள்ளிக்கூடக் காலம் நிறைய இருக்கிறது.