புன்னைக்காயலில் விளைந்த அருட்பணி

பொருநையாறு கடலொடு கலக்கும் இடத்தில் அமைந்த பழம்பதி புன்னைக்காயல். முன்னாளில் கொற்கை பாண்டியரின் துறைமுகமாய்ச் சிறந்து விளங்கிற்று. ஆறு கொணர்ந்த மணலால் கொற்கையைவிட்டுக் கடல் விலகிற்று. அதன் பின்னர்க் காயல் தழைத்தது. அதுவும் தளர்ந்த காலத்தில், பதினாறாம் நூற்றாண்டில், புன்னைக்காயல் முத்துக் கரையின் தலையாய ஊர்களுள் ஒன்றாயிற்று.

முத்தின் ஒளியை உலகம் அறியும். அதனை எடுத்தவரின் துயரை அறிந்தவர் சிலரே. கல்லின் பாரத்தால் கடலடிக்கு இறங்கி, மூச்சை அடக்கிச் சிப்பிகளைக் கூடையில் வாரியிட்டுக் கயிற்றின் துணையால் மேலே வருவது முத்துக் குளிப்போர் தொழில். சுறாமீனின் அச்சம் ஒருபுறம்; நோயின் அச்சம் மறுபுறம். எல்லா ஆண்டும் சிப்பி விளைவதில்லை. குளிப்பவன் நோயுற்றுப் படுத்தால் அவன் வீட்டு அடுப்பும் அணைந்துவிடும். அரசியின் கழுத்தை அணிசெய்யும் முத்தை எடுத்தவன் அரைவயிற்றுக் கஞ்சிக்கு ஏங்கிய நாள்களும் உண்டு.

இக்கரையில் வாழ்ந்த பரதவர் 1536ஆம் ஆண்டை ஒட்டிக் கிறித்தவ சமயத்தைத் தழுவினர். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் இங்கு வந்து, ஊர் ஊராய் நடந்து சமயம் கற்பித்தார். எனினும் அவர் பணி கற்பித்தலோடு நிற்கவில்லை. 1544இல் படையெடுப்புக்கு அஞ்சிய குமரிமுனைப் பக்கத்து மக்கள் கடலிலுள்ள பாறைகளில் ஏறிப் பசியாலும் தாகத்தாலும் வாடினர். அச்செய்தி கேட்டதும் சவேரியார் மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளில் உணவுப்பொருள் ஏற்றிப் புறப்பட்டார். எதிர்க்காற்று வலுத்துத் தோணிகளைத் தடுத்தது. பல நாள் முயன்றும் செல்ல இயலாமல் திரும்பிய அவர், பின்னர்க் கால்நடையாகவே சென்று அம்மக்களைக் கண்டார். இவ்வறத்துக்குப் பொருள் திரட்டும்போது ஏழைகளை வருத்தலாகாது என்றும், மனமுவந்து கொடுப்பவரிடமே பெறுதல் வேண்டும் என்றும் தம் துணைவருக்கு எழுதினார். ஏழையின் பசியைத் தீர்க்க மற்றோர் ஏழையை வாட்டுதல் அறமாகாது என்பது அவர் கருத்து.

சவேரியாரின் பணியைத் தொடர்ந்தவர் அண்டிரிக் அடிகள். அவருடைய இயற்பெயர் ஹென்றிக் ஹென்றிக்கஸ் என்பதாகும். போர்ச்சுகல் நாட்டில் 1520இல் பிறந்த அவர், 1546இல் இந்தியாவை அடைந்து, மறு ஆண்டில் முத்துக் கரைக்கு வந்தார். மொழிபெயர்ப்பாளர் வாயிலாகப் பேசினால் மக்களின் மனத்தை எட்ட இயலாது என்று உணர்ந்து, அல்லும் பகலும் முயன்று தமிழ் கற்றார். தமிழுக்கு ஓர் இலக்கண நூலும் எழுதினார்.

மக்களின் மொழி அறிந்தவருக்கு மக்களின் துன்பமும் விளங்கிற்று. திண்ணையிலே கிடந்து நலிந்தவரையும், துணையின்றித் தவித்த முதியவரையும் கண்டார். 1550ஐ ஒட்டிய ஆண்டுகளில் புன்னைக்காயலில் எளியோருக்காக ஒரு மருத்துவச்சாலை தோன்றிற்று. அதனைத் தாங்கியது ஊர்மக்களின் கொடை. கடலோடு போராடி ஈட்டிய பொருளில் ஒரு பங்கு, போராட வலியற்றுக் கிடந்தவருக்கு மருந்தாயிற்று. இதுவே இச்சாலையின் பெருமை.

"உயிருக்கு உறுதி உரைப்பது குருவின் கடமை, உடலைப் பேணுவது மருத்துவன் கடமை, இரண்டையும் ஏன் கலத்தல் வேண்டும்?" என்று சிலர் வினவலாம். கிறித்தவ மரபு இதற்குத் தெளிவாக விடை கூறுகிறது. பசித்தவனுக்கு உணவளித்தல், தாகமுற்றவனுக்கு நீர் தருதல், நோயாளியைக் காணச் செல்லுதல், இறந்தவரை அடக்கம் செய்தல் முதலிய ஏழினை உடலைச் சார்ந்த இரக்கச் செயல்கள் என்றும், அறியாதவனுக்குக் கற்பித்தல், துயருற்றவனைத் தேற்றுதல் முதலிய ஏழினை உயிரைச் சார்ந்த இரக்கச் செயல்கள் என்றும் அம்மரபு வகுத்துள்ளது. 1498இல் லிஸ்பன் நகரில் நிறுவப்பெற்ற இரக்கச் சபை இப்பதினான்கையும் தன் கடமையாகக் கொண்டது. பட்டினியால் துடிப்பவனிடம் அறவுரை மட்டும் கூறினால், அவ்வுரை அவன் செவியில் ஏறாது. கூறியவனுக்கும் அது பழியாகும். அன்னம் மட்டும் இட்டு அறிவு தராதுவிட்டால் அப்பணியும் குறையுடையதே.

அண்டிரிக் அடிகள் இவ்விரண்டையும் இணையாகவே நடத்தினார். 1553இல் புன்னைக்காயல் கடற்படையால் தாக்குண்டு பெருந்துயர் உற்றது. ஆயினும் அடிகள் இக்கரையைக் கைவிடவில்லை. 1578இல் அவர் ஆக்கிய 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் அச்சேறிற்று. தமிழ் எழுத்தில் இந்திய மண்ணில் முதலாவதாக அச்சிடப்பெற்ற நூல் அதுவே. 1586இல் 'அடியார் வரலாறு' வெளிவந்தது. அச்சுப் பணிக்கும் பரதவரே பொருள் உதவினர். மருந்துக்குக் கொடுத்த கைகளே நூலுக்கும் கொடுத்தன. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் தொண்டு செய்த அடிகள் 1600இல் மறைந்தார்.

இவ்வுண்மை ஒரு சமயத்துக்கு மட்டும் உரியதன்று. 1867இல் வடலூரில் வள்ளலார் தருமச்சாலை நிறுவி, ஏழைகளின் பசிப்பிணி தீர்த்தலை இறைவழிபாடாகவே கொண்டார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாது எரிகின்றது. புன்னைக்காயலின் மருத்துவச்சாலையும் வடலூரின் தருமச்சாலையும் காலத்தாலும் கொள்கையாலும் வேறுபட்டவை. ஆயினும் இரண்டும் ஒன்றையே உணர்த்துகின்றன. இறைவனை நாடுவோர் வழியில் வாடிக்கிடக்கும் எளியவனைக் கடந்து செல்லலாகாது. அவன் பசியையும் பிணியையும் நீக்கக் கைந்நீட்டும்போதே வாயால் உரைக்கும் அருள்மொழி பயன் தரும்.