லேப் வேலைக்கு ஆசைப்படும் தங்கச்சிக்கு

"அக்கா, பயோமெடிக்கல் படிச்சா நம்ம புக்கிட் மெர்தாஜாம் ஆஸ்பத்திரி லேப்பிலேயே வேலை கிடைக்குமா?" எஸ்.டி.பி.எம். எழுதிய பிள்ளைகள் கேட்கிற கேள்வி இது.

கிடைக்கலாம். ஆனால் அரசாங்க லேப்பில் ரத்த மாதிரியை வாங்கி மெஷினில் ஓட்டுகிறவர் பெரும்பாலும் டிப்ளோமா முடித்த ஜே.டி.எம்.பி. என்ற மருத்துவ லேப் தொழில்நுட்பர். பட்டதாரி மனுப்போடுவது பெகாவாய் சாய்ன்ஸ் (அறிவியல் அதிகாரி) பதவிக்கு. அதற்கு இடங்கள் குறைவு. உன் ஆசை மெஷின் பக்கத்தில் நிற்பதுதான் என்றால் டிப்ளோமாவை மட்டமாக நினைக்காதே, வீட்டில் மாமா என்ன சொன்னாலும்.

யூ.எஸ்.எம். என்றதும் பாலம் தாண்டினால் வந்துவிடும் என்று நம்பாதே. அதன் பயோமெடிசின் படிப்பு கிளந்தானில், குபாங் கிரியான் வளாகத்தில் நடக்கிறது. யூ.கே.எம்.மின் பயோமெடிக்கல் படிப்புக்கும் பாங்கி போக வேண்டாம், கோலாலம்பூர் வளாகம். தனியார் கல்லூரி என்றால் பணம் கட்டுமுன் ஒன்றைக் கேள்: 2016-ஆம் ஆண்டின் 774-ஆவது சட்டப்படி எம்.பி.கே.பி. என்ற துணை சுகாதாரத் தொழில் மன்றத்தில் பதிய இந்தப் பட்டம் செல்லுமா? பதில் வாயால் வேண்டாம், எழுத்தில் வாங்கு. அரசாங்க வேலைக்கு எஸ்.பி.எம். மலாயில் கிரெடிட்டும் வேண்டும்.

படிக்கும்போது பலர் டி.என்.ஏ., கேன்சர் என்று பெரிய பாடங்களில் மயங்கிவிடுகிறார்கள். லேப்பில் சோறு போடுவது ரத்தம் எடுக்கும் குழாய். ஊதா மூடிக் குழாயில் இருப்பது பொட்டாசியம் கலந்த இ.டி.டி.ஏ. அது கொஞ்சம் வேறு குழாயில் சேர்ந்தாலும் பொட்டாசியம் எகிறும், கால்சியம் இறங்கும். இரண்டும் ஒன்றாக வந்தால் முதலில் குழாயைச் சந்தேகி. நீல மூடியில் சிட்ரேட் ஒரு பங்குக்கு ரத்தம் ஒன்பது பங்கு. கோடு வரை ரத்தம் நிரம்பாவிட்டால் உறையும் நேரம் பொய்யாக நீளும். சீரம் சிவந்திருந்தால் செல்கள் உடைந்திருக்கின்றன, பொட்டாசியம் கூடித்தான் காட்டும். இப்படிப்பட்ட எண்ணை அப்படியே டாக்டருக்கு அனுப்புகிறவளுக்கு எத்தனை 'ஏ' இருந்தும் என்ன?

அடுத்தது கியூ.சி. என்ற தரக் கட்டுப்பாடு. லெவி-ஜென்னிங்ஸ் வரைபடத்தைப் பார்த்து, இன்றைக்கு மெஷினை நம்பலாமா என்று சொல்லப் பழகு. நேர்முகத் தேர்வில் உன் ஆய்வுக் கட்டுரையைவிட இதுதான் கை கொடுக்கும்.

பயிற்சிக்குப் போகுமுன் ஹெப்பாடைட்டிஸ் பி எதிர்ப்பு அளவைப் பார்த்துவிடு. மலேசியாவில் 1989 முதல் குழந்தைகளுக்கு அந்த ஊசி உண்டு, ஆனாலும் அளவு வருஷப்போக்கில் இறங்கும். 10-க்குக் கீழே வந்தால் கிளினிக்கில் பேசு.

லேப் என்றால் ஆஸ்பத்திரி மட்டுமல்ல. பாயான் லெப்பாசில் பி. பிரவுன் போன்ற மருத்துவக் கருவித் தொழிற்சாலைகள் இருக்கின்றன. இந்தத் துறையில் கிருமி நீக்கம் சரியா, எண்டோடாக்சின் என்ற பாக்டீரியா நஞ்சு உண்டா என்று பார்ப்பதும் லேப் வேலைதான். அந்த எண்டோடாக்சின் சோதனை அமெரிக்கக் குதிரைலாட நண்டின் ரத்தத்தில் பிறந்தது, நம் கடலோரச் சேற்றில் கிடக்கும் பெலங்காஸ் அதற்குச் சொந்தக்கார இனம்! இன்டர்ன்ஷிப்புக்கு ஆஸ்பத்திரியோடு இந்தத் தொழிற்சாலைகளுக்கும் ஒரு மனு போடு. பத்து காவானிலும் இப்படிப்பட்ட தொழிற்சாலைகள் உண்டு. அது நம் கரையிலேயே இருப்பதால் பாலத்து ஜாமும் மிச்சம்.