தொடுதிரைக் கணினியும் நம் கல்லாவும்

பில் போடவும் பற்று வரவு எழுதவும் டேப்லெட் எனப்படும் தொடுதிரைக் கணினி வாங்கலாமா என்று திருக்கோவிலூர்க் கடைத்தெருவில் நம்மவர் பலர் கேட்கின்றனர். வாங்கலாம். எதைப் பார்த்து வாங்குவது என்பதே இன்றைய பாடம்.

மாணவர்களுக்காக மத்திய அரசு 2011 அக்டோபர் 5-இல் 'ஆகாஷ்' என்ற மலிவு விலை டேப்லெட்டை வெளியிட்டது. அதன் 7 அங்குலத் திரை அழுத்தத்தால் இயங்கும் வகை. சிறு இடைவெளி விட்ட இரு படலங்கள், அழுத்தும்போது ஒன்றையொன்று தொடும். நகம், குச்சி எதற்கும் கட்டுப்படும்; லேசாகத் தொட்டால் கேட்காது. 2012 நவம்பரில் வந்த 'ஆகாஷ் 2'-இல் திரையின் வகையையே மாற்றினார்கள்.

இப்போது விற்பனைக்கு வருபவை பெரும்பாலும் அந்த இரண்டாம் வகையே. கண்ணாடியில் மின்சாரம் கடத்தும் மெல்லிய பூச்சு இருக்கும். விரல் பட்ட இடத்தில் மின்னூட்டம் மாறுவதைக் கொண்டு, தொட்ட இடத்தை அறியும். தண்ணீரும் மின்சாரம் கடத்துவதால் ஈரக்கை பட்டால் குழம்பிவிடும்.

இன்னொரு சங்கடம். கால்குலேட்டர் பொத்தான் விரலுக்கே தெரியும். தராசைப் பார்த்தபடியே தட்டலாம். கண்ணாடியில் மேடு பள்ளம் இல்லை. கண்ணும் அங்கேயே இருக்க வேண்டும். எங்கள் குடோனில் ஒருநாள் 5 மூட்டை துவரம்பருப்பு, 55 மூட்டை என்று பதிவாகிவிட்டது. தொகையைக் கண்டு வாடிக்கையாளர் திடுக்கிட்டதால் தெரிந்தது. 55 என்பது 5 ஆகியிருந்தால் யார் வந்து சொல்வார்?

ஆகவே, வாங்குமுன் கவனிக்க வேண்டியவை:

1. எண் கட்டங்கள் விரல் அகலம், அதாவது சுமார் 1 செ.மீ. இருக்கட்டும். நெருக்கமாக இருந்தால் பக்கத்து எண் விழும்.

2. விற்பவரைக் கடைக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். வெல்லமும் எண்ணெயும் தொட்ட கையோடு கடைப் பையனே தட்டிப் பார்க்கட்டும். வாசல் வெயிலில் எழுத்து தெரிகிறதா என்றும் பாருங்கள்.

3. இணையம் இல்லாதபோதும் பில் வர வேண்டும். மின்தடையில் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று ஓடவிட்டே பாருங்கள்.

4. சரக்கின் பெயர்கள் தமிழில் வரட்டும். தொகையை ஒருமுறை பெரிதாகக் காட்டி, நாம் சம்மதித்த பிறகே பில் அச்சாக வேண்டும்.

வாங்கிய பின் ஒரு மாதம் நோட்டிலும் எழுதி வாருங்கள். இரவு கல்லா கட்டும்போது இரண்டையும் ஒத்துப் பாருங்கள். மாதம் முழுவதும் கணக்கு நேரானால் நோட்டை நிறுத்தலாம்.